மெதுவா வாங்க

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. எங்கள் வீட்டில், என் கண் முன்னால், போன நவம்பரில் நடந்தது. நம்பாதவர்கள் நல்லூருக்கு வந்து கேட்டுக்கொள்ளலாம். ஆனால் ஏழு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள். ஏழு மணிக்கு மேல் யார் கதவைத் தட்டினாலும் எங்கள் வீட்டில் யாரும் 'வாங்க' என்று சொல்வதில்லை.

இது எவ்வளவு பெரிய குற்றம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் பக்கம் வீட்டுக்கு வருகிறவரை வாயைத் திறந்து 'வாங்க' என்று கூப்பிட வேண்டும். ஐந்து பேர் வந்தால் ஐந்து பேரையும் தனித்தனியாக. வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேரும். ஒருவரை விட்டுவிட்டால் அவர் பத்து வருஷம் கழித்து ஏதாவது ஒரு கல்யாணப் பந்தியில் அதைச் சொல்லிக் காட்டுவார். என் பெரியப்பா எங்களோடு பேச்சை நிறுத்தி இது மூன்றாவது மாதம். ஏழேகாலுக்கு வந்தார். நாங்கள் நான்கு பேரும் வாயை மூடிக்கொண்டு அவர் காலையே பார்த்தோம்.

இன்னொன்று. பேய் என்றால் நடுராத்திரி, கரண்ட் கட், நாய் ஊளை எல்லாம் எதிர்பார்ப்பீர்கள். மன்னிக்கவும். இதில் எல்லாமே சாயங்காலம் ஏழு மணிக்கு, டியூப்லைட் வெளிச்சத்தில், பக்கத்து வீட்டில் சீரியல் ஓடுகிற நேரத்தில் நடந்தது.

என் அம்மா சித்ரகலா பதினாறு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். தைத்து வருகிற பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டை, கறை கண்டுபிடிக்கிற வேலை. காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே செய்ய வேண்டும். பதினாறு வருஷமும் பஞ்சுத் தூசியைத்தான் மூச்சாக இழுத்தார். அக்டோபர் கடைசியில் காய்ச்சல் வந்தது. இருமல் வந்தது. நுரையீரலில் சளி கட்டி நிமோனியா என்றார்கள். எட்டு நாள் ஆஸ்பத்திரி.

வார்டில் அம்மாவுக்குப் பதினான்காம் நம்பர் கட்டில். பதினைந்தாம் நம்பரில் கணியூர்க்கார அம்மா ஒருவர் இருந்தார். பெயர் சாமியாத்தாள். நடுவில் ஒரு பச்சைத் திரை. அது எப்போதும் மூடியே இருக்கும். எட்டு நாளும் இரண்டு பேரும் திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்தபடியே பேசித் தீர்த்தார்கள். மாட்டுக்குத் தீவனம் முதல் மருமகள் குணம் வரை ஒன்றையும் விடவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. குரல் மட்டும்தான்.

புதன்கிழமை மதியம் எங்களை டிஸ்சார்ஜ் செய்தார்கள். அம்மா திரையைப் பார்த்துச் சொன்னார்.

"போறனுங்க அக்கா. நீங்களும் உடம்பு செரியானதும் ஒருக்கா நம்மூட்டுக்கு வரோணும்."

"வர்றனுங்க சாமி. ஊடு எங்கீங்க?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் மருந்துக்கடை பில்லின் பின்பக்கம் எழுதினேன். நல்லூர், பக்கீர் முகமது தையல் யூனிட், பச்சைக் கேட், மாடி. திரைக்குக் கீழே நீட்டினேன். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

"மாடிங்களா? எத்தன படி கண்ணு?"

"பதினெட்டுங்க."

"என்னால ஏற முடியாதுங்களே."

"அவசரமே இல்லீங்க," என்றார் அம்மா. "மெதுவா வாங்க."

நர்ஸ் அனிதா பக்கத்தில்தான் நின்றார். அவர் எங்களிடம் 'போய்ட்டு வாங்க' என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அதைச் சொல்ல மாட்டார்களாம். "பத்து நாள் கழிச்சு டாக்டரப் பாருங்க. அதுக்கு நடுவால நாம பாத்துக்கக் கூடாது," என்றார். நல்ல மனசு.

டாக்டர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஒன்று, விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கிளிப் ஒன்று வாங்கி, தினமும் எழுதி வைக்க வேண்டும். தொண்ணூறுக்குக் கீழே போனால் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் கூட்டி வந்துவிட வேண்டும். இன்னொரு முறை வந்தால் நுரையீரல் தாங்காது என்றார். அதை அம்மாவுக்குக் கேட்காமல் வராந்தாவில் வைத்துச் சொன்னார்.

இரண்டாவது, வீட்டில் விளக்குமாறே எடுக்கக் கூடாது. தூசி பறக்கும்.

எங்கள் வீட்டில் தூசி இல்லாமல் இருப்பது கஷ்டம். கீழே பக்கீர் முகமது அண்ணனின் யூனிட். பன்னிரண்டு மெஷின். பஞ்சு மாடிப்படி ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். கீழே என்ன கலர் ஆர்டர் ஓடுகிறது என்பதை எங்கள் வீட்டுத் தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்த வாரம் நேவி ப்ளூ.

அதனால்தான் அது வந்தது. ரோபோ வேக்குவம். தோசைக்கல் அளவில் வட்டமாக, கறுப்பாக, தானாகவே ஊர்ந்து போய்க் கூட்டும். ஆன்லைனில் நான்தான் போட்டேன். அம்மாவும் அதுவும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தார்கள். நியாயமாகச் சொன்னால் அதற்குத்தான் அதிக வரவேற்பு. என் தங்கை கவிப்பிரியா ஆரத்தி எடுக்கலாமா என்று கேட்டாள்.

அப்பா தங்கதுரை நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டர். நைட் ஷிஃப்ட். அது சோபாவில் இடித்துத் திரும்புவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்க சூப்பர்வைசர் லிங்கசாமியாட்டவே இருக்குது," என்றார். "இடிச்சுட்டுப் போகுது. ஒரு சாரி சொல்றதில்ல."

அன்றிலிருந்து அதன் பெயர் லிங்கசாமி.

லிங்கசாமி இந்தி மட்டுமே பேசினான். மாற்றத் தெரியவில்லை. அவன் தலையில் ஒரு லேசர் சுற்றிக்கொண்டே இருக்கும். கணுக்கால் உயரத்தில் என்னென்ன இருக்கிறதோ அதையெல்லாம் என் போனில் வரைபடமாகப் போட்டுக் காட்டுவான். சுவர் என்றால் கோடு. கட்டிலுக்கு நான்கு புள்ளி. டீப்பாய்க்கு நான்கு புள்ளி. நான் காலேஜில் மூன்று வருஷம் பி.காம் படித்து அடையாத ஆனந்தத்தை அந்தப் புள்ளிகளில் அடைந்தேன்.

தினமும் ஏழு மணிக்குக் கிளம்பும்படி வைத்தேன். விளக்கு வைத்த பிறகு வீடு கூட்டலாமா என்று அம்மா கேட்டார். "கூட்டறது நாமளா? லிங்கசாமிதான?" என்றார் அப்பா. பாவக்கணக்கு லிங்கசாமி பேரில் போனது.

அன்று, புதன்கிழமை, அம்மாவைப் பார்க்க மத்தியானத்திலிருந்தே சொந்தம் வந்துகொண்டே இருந்தது. நான் மட்டும் இருபத்தேழு 'வாங்க' சொல்லியிருப்பேன். கடைசிக் கூட்டம் ஆறரைக்குக் கிளம்பியது.

மணி 7.12. கதவு தட்டும் சத்தம். இரண்டு தட்டு. மெதுவாக.

நான் போனில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன். தலையைத் தூக்கவில்லை. வாய் தானாகவே சொன்னது.

"வாங்க."

நிமிர்ந்தேன். யாரும் இல்லை. படிக்கட்டு காலி. கீழே மெஷின்கள் ஓடுகிற சத்தம் மட்டும்.

உள்ளே இருந்து அம்மா குரல் கொடுத்தார். "யாரு கண்ணு? வெளிய நிக்க வெச்சுப் பேசாத. உள்ள வரச் சொல்லு."

"யாருமில்லீங்கம்மா."

கதவைச் சாத்தினேன். திரும்பிப் பார்த்தால் லிங்கசாமி ஹால் நடுவில் நின்றிருந்தான். கதவுப் பக்கம் வந்தவன், எதிரில் ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்றான். பிறகு ஒதுங்கி, அரைவட்டம் போட்டு, சுற்றிக்கொண்டு போனான்.

போனைப் பார்த்தேன். வாசலுக்கு உள்ளே, மிதியடிக்குப் பக்கத்தில், இரண்டு புதிய புள்ளிகள். ஒன்று கடுகு அளவு. இன்னொன்று மொச்சைக்கொட்டை அளவு.

"செருப்பா இருக்கும்," என்றாள் கவிப்பிரியா.

செருப்பெல்லாம் வெளியே இருந்தது.

முதல் நாள்தானே, கற்றுக்கொண்டிருக்கிறான் என்று விட்டுவிட்டோம். அம்மாவுக்குக் கிளிப் மாட்டினேன். 95. நோட்டில் எழுதினேன்.

வியாழக்கிழமை. 7.12. லிங்கசாமி ஹாலில் டிவிக்கு முன்னால் நின்றான். இந்தியில் ஏதோ சொன்னான். கொஞ்சம் பின்னால் போய், மறுபடி வந்து, அதையே சொன்னான். மூன்று தடவை.

போனில் வாசல் பக்கம் புள்ளிகள் இல்லை. டிவிக்கு முன்னால் இருந்தன. ஒன்று கடுகு. ஒன்று மொச்சை.

அவன் சொன்னதை போனில் பதிவு செய்து, கீழே யூனிட்டில் வேலை செய்கிற பீகார் பையனிடம் போட்டுக் காட்டினேன். அவன் திக்கித் திக்கித் தமிழில் சொன்னான். "அண்ணா, வழியில தடங்கல் இருக்குது. நகத்தி வெய்யின்னு சொல்லுது."

எதை நகர்த்தி வைப்பது?

அன்றைக்கு லிங்கசாமியின் வயிற்றைத் திறந்து குப்பையைக் கொட்டினேன். நேவி ப்ளூ பஞ்சு உருண்டையாக வந்தது. அதற்குள் கொஞ்சம் வெள்ளைப் பஞ்சு. பனியன் பஞ்சு இல்லை. மருந்துக்கடைப் பஞ்சு. மஞ்சளாக ஒரு கறை. ஆஸ்பத்திரியிலிருந்து நம் துணியோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்துக் கொட்டிவிட்டேன்.

அம்மாவுக்கு 93.

வெள்ளிக்கிழமை நான் கொஞ்சம் விஞ்ஞானி ஆனேன். லிங்கசாமி கிளம்புவதற்கு முன்னால் ஹாலின் ஒரு மூலையில் போய் அசையாமல் நின்றேன். கவிப்பிரியா போனைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா… நீ தெரியற."

"எப்பிடித் தெரியறேன்?"

"ரெண்டு புள்ளி. ஒரே சைஸ்."

அவள் குரல் மாறியது. "அந்தப் பக்கமும் ரெண்டு இருக்குது."

"எங்க?"

"அம்மா ரூம் வாசல்ல."

மணி 7.12. அம்மா அறையின் வாசலை நான் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. டியூப்லைட் எரிந்தது. நிலைப்படியில் ஒன்றும் இல்லை. லிங்கசாமி மட்டும் அங்கே போய் நின்று, தடங்கல் என்று இந்தியில் முறையிட்டுக்கொண்டிருந்தான்.

அப்பா ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தார். "லிங்கசாமிக்குக் கண்ணு செரியில்ல. ரிட்டன் போடு."

"ஏனுங்கப்பா, மூணு நாளா ஒவ்வொரு எடமா நகந்து வருதுங்க."

"அப்ப நல்லாத்தான் வேல செய்யுது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நானும் கவிப்பிரியாவும் வரைபடத்தை விரலால் அளந்தோம். வாசல். டிவி. அறை நிலைப்படி. ஒரே கோடு. அதை அப்படியே நீட்டினால் அம்மாவின் கட்டில்.

அம்மாவுக்கு 91.

டாக்டருக்கு போன் போட்டேன். மருந்து மாறாமல் கொடுங்கள், தொண்ணூறுக்குக் கீழே வந்தால் உடனே வாருங்கள் என்றார். புள்ளிகளைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. எந்த டாக்டரிடம் சொல்வது?

சனிக்கிழமை.

நிட்டிங் மெஷின் ரிப்பேர் என்று அப்பாவை மத்தியானமே கூப்பிட்டுவிட்டார்கள். கவிப்பிரியா டியூஷனுக்குக் கிளம்பும்போது தோளில் பெரிய பையாக மாட்டியிருந்தாள்.

"நா அப்பிடியே பிரெண்டு ஊட்ல தங்கிக்கறேன்," என்றாள்.

"அம்மாவ விட்டுட்டா?"

"நீ இருக்கறயில்ல. நீதான விஞ்ஞானி."

ஆறு மணிக்கு அம்மா கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தார். 92. சனிக்கிழமை என்பதால் ஆறேகாலுக்கே யூனிட்டை மூடிவிட்டார்கள். பன்னிரண்டு மெஷினும் நின்றன.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. இந்த மூன்று நாளும் ஏழு மணிக்குக் கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் சின்னதாக ஏதாவது சத்தம் கேட்டிருந்தாலும் நமக்குத் தெரிந்திருக்காது.

இன்று தெரியும்.

லிங்கசாமியை அணைத்து வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அணைத்துவிட்டால் அது எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. அதனால் அணைக்கவில்லை.

7.00. லிங்கசாமி கிளம்பினான். நான் ஹாலில், சோபாவின் நுனியில். கையில் போன். அங்கிருந்து பார்த்தால் அம்மாவின் கட்டில் பாதி தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில், பார்க்க வருகிறவர்கள் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

7.05. ஹால் முடிந்தது. தடங்கல் இல்லை.

7.08. அறைக்குள் போனான். நிலைப்படியிலும் தடங்கல் இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

7.11. கட்டிலின் நான்கு புள்ளிகள் வந்தன. நாற்காலியின் நான்கு புள்ளிகள் வந்தன.

7.12.

சர்ர்ர்…

டப்.

ஒரு கால் வைத்து, இன்னொரு காலை இழுப்பது மாதிரி. அறைக்குள்ளிருந்து.

சர்ர்ர்… டப்.

போனைப் பார்த்தேன். கட்டிலின் கால்மாட்டில் இரண்டு புள்ளிகள்.

கடுகு. மொச்சை.

ஓடினேன். அறையில் லைட் எரிந்தது. மின்விசிறி ஒன்றாம் நம்பரில் மெதுவாகச் சுற்றியது. அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தார். வேறு யாருமில்லை. மருந்து வாசம் மட்டும். எங்கள் வீட்டு மருந்து இல்லை. புண்ணுக்குப் போடுகிற மருந்து.

அம்மா விரலில் கிளிப்பை மாட்டினேன். 90.

அப்பாவுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. நிட்டிங் ஃப்ளோரில் இடி விழுந்தாலும் கேட்காது. 108-க்குப் போட்டேன். இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள்.

89.

அம்மாவின் உதடு அசைந்தது. கண் திறக்கவில்லை.

"உக்காருங்க… எத்தன நேரம் நிப்பீங்க… காலு வலிக்குமில்ல…"

என்னை அல்ல. என்னை அம்மா 'நிப்ப' என்பார். 'நிப்பீங்க' என்றது வேறு யாரையோ.

"அம்மா," என்றேன். "யாருகிட்டங்க பேசறீங்க?"

சர்ர்ர்… டப்.

எனக்கும் கட்டிலுக்கும் நடுவில். காற்று விலகியது.

சர்ர்ர்… டப்.

கிரீச்.

பிளாஸ்டிக் நாற்காலி.

அது கொஞ்சம் அமுங்கியது. யாரோ உட்கார்ந்தால் அமுங்குவது மாதிரி. நான் பார்த்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தேன்.

லிங்கசாமி நாற்காலிக்குக் கீழே வந்து நின்றான். தடங்கல் என்றான். பின்னால் போனான். வந்தான். தடங்கல் என்றான்.

88.

அம்மாவின் கை கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்தது. நாற்காலிப் பக்கம். விரல்கள் மடங்கின.

எதையோ பிடித்துக்கொண்டது போல.

87.

'போ' என்று கத்த வேண்டும். வாயைத் திறந்தேன். வரவில்லை. இருபத்தோரு வருஷமாக வீட்டுக்கு வந்த யாரையும் 'போ' என்று சொன்னதில்லை. பேயாக இருந்தாலும் நாக்கு எழவில்லை. எங்களை இப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள்.

86.

நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டேன். வேண்டாத விருந்தாளியிடம் வீட்டில் எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

"ஏனுங்க… அம்மா தூங்கறாங்க. இன்னும் செரியாகலீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க… இன்னொரு நாள் வாங்க."

ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை.

கிரீச்.

அம்மாவின் விரல்கள் விரிந்தன.

சர்ர்ர்… டப். என்னைத் தாண்டி.

சர்ர்ர்… டப். ஹால்.

கதவு திறக்கவில்லை. ஆனால் சத்தம் கதவுக்கு வெளியே போனது. படிக்கட்டில் இறங்கியது. ஒவ்வொரு படியாக. நின்று நின்று. நான் எண்ணினேன். பதினெட்டு.

கேட் சத்தம் கேட்கவில்லை.

மணி 7.31.

அம்மாவுக்கு 89. பிறகு 92. பிறகு 95.

ஆம்புலன்ஸ் வந்தபோது 97. அவர்கள் தங்கள் கிளிப்பையும் மாட்டிப் பார்த்தார்கள். 97. என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "பேட்டரி மாத்துங்க தம்பி," என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய்… வரைபடத்தில் கட்டிலுக்கு நான்கு புள்ளி, நாற்காலிக்கு நான்கு புள்ளி. அவ்வளவுதான். அம்மா எழுந்து நடந்தார். சாப்பாட்டுக்கு உப்பு பத்தவில்லை என்று குறை சொல்ல ஆரம்பித்தார். கவிப்பிரியா பையோடு திரும்பி வந்து, நான் எல்லாவற்றையும் கனவு கண்டிருப்பேன் என்று விளக்கினாள். நானும் ஏறக்குறைய அதை நம்பத் தொடங்கியிருந்தேன்.

பத்தாம் நாள், சனிக்கிழமை, அம்மாவை டாக்டரிடம் காட்டக் கூட்டிப் போனேன். எக்ஸ்ரே நன்றாக இருந்தது. அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு, மருந்துச் சீட்டு வாங்க வார்டுப் பக்கம் போனேன். பதினைந்தாம் நம்பர் கட்டிலின் திரை திறந்திருந்தது. புது மெத்தை விரிப்பு.

"ஏனுங்க சிஸ்டர், கணியூர் அம்மா டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்களா?"

நர்ஸ் அனிதா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா? நீங்க போன அன்னிக்கேங்க. புதன்கிழம. சக்கரப் புண்ணுக்கு மறுநா ஆபரேசன் வெச்சிருந்தாங்க. அதுக்குள்ள நெஞ்சு வலி வந்துருச்சு. நாந்தான் டூட்டி. சாயங்காலம் ஏழு பத்துக்கு முடிஞ்சு போச்சு."

ஏழு பத்து. எங்கள் கதவு தட்டியது ஏழு பன்னிரண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து நல்லூருக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஆகும். அவருக்கு டிராஃபிக் இல்லாத வழி கிடைத்திருக்கிறது.

"புண்ணு எங்கீங்க?" என்று கேட்டேன்.

"வலது காலுங்க. பாதத்துல இருந்து முட்டி வரைக்கும் கட்டு. தலகாணியாட்ட இருக்கும். பாவம், இழுத்து இழுத்துத்தான் நடப்பாங்க."

கடுகு. மொச்சை.

"ஒண்ணு சொல்றன், பயந்துக்காதீங்க," என்றார் அனிதா. "அவங்க கையில ஒரு மருந்துக்கட பில்லு இருந்துச்சு. பின்னால யாரோ எதோ எழுதியிருந்தாங்க. கடைசி வரைக்கும் அதயே பாத்துட்டு இருந்தாங்க. அப்பறமும் வெரல விரிக்க முடியல. அப்பிடியே ஊருக்கு அனுப்பிட்டோம். அதோடயேதான் அடக்கம் பண்ணியிருப்பாங்க."

அது என் கையெழுத்து. அந்தச் சீட்டு இப்போதும் அவரிடம்தான் இருக்கிறது.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். அதிர்ச்சியான செய்தி எதுவும் இப்போதைக்குக் கூடாது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். ஆட்டோவில் ஏறினோம். அம்மா நல்ல குஷியில் இருந்தார். நல்லூர் வரும் வரை கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். பச்சைக் கேட் பக்கத்தில் ஆட்டோ திரும்பும்போது கேட்டார்.

"ஏங்கண்ணு, சாமியாத்தாக்காவப் பாத்தயா? கட்டல்ல இருந்தாங்களா?"

"இல்லீங்கம்மா. ஊருக்குப் போயிட்டாங்களாம்."

"அப்பிடியா. போன் நம்பரு வாங்கியிருக்கோணும். அன்னிக்கு வந்தப்பவே கேக்க மறந்துட்டேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"என்னிக்கும்மா?"

"போன சனிக்கெழம. நீதான 'அம்மா தூங்கறாங்க, இன்னொரு நாள் வாங்க'ன்னு அனுப்பிச்ச. நா முழிச்சுத்தான் இருந்தேன். கண்ணத்தான் தெறக்க முடியல. பாவம், அந்தக் காலோட அத்தன படி ஏறி வந்தவங்க. என் கையப் புடிச்சுட்டுத்தான் உக்காந்திருந்தாங்க."

ஆட்டோ நின்றது. அம்மா இறங்கி, சேலையைச் சரி செய்துகொண்டார். பதினெட்டுப் படியையும் அண்ணாந்து பார்த்தார்.

"நல்ல மனுசி. கோவிச்சுக்கவே இல்ல. அடுத்த வாட்டி வாரப்ப என்னையுங் கூடவே அவங்கூருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டுப் போனாங்க," என்றார். "நானும் செரி, வர்றனுங்கன்னு சொல்லிட்டேன்."